ஃபிலிம் ஓரத்துக் கோடு: லீ டி ஃபாரஸ்டும் வெளிச்சத்தில் எழுதிய குரலும்

டூரிங் டாக்கீஸுக்குப் பின்னால் கிடக்கும் ஃபிலிம் துண்டுகளைப் பொறுக்கி விளையாடியவர்களுக்கு இது நினைவிருக்கும். ஃபியூஸ் போன பல்பின் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பினால் அதுதான் லென்ஸ். வாசல் வெயிலை முகம் பார்க்கும் கண்ணாடியால் இருட்டறைக்குள் திருப்புவோம். ஃபிலிம் துண்டைத் தலைகீழாகப் பிடித்தால் கதாநாயகன் சுவரில் நேராக நிற்பார். படங்களுக்குப் பக்கத்தில், ஓட்டை வரிசைக்கு உள்பக்கமாக, ரம்பப் பல் போல நடுங்கிக்கொண்டே ஒரு வெள்ளைக் கோடு ஓடும். வேட்டிக்குக் கரை இருப்பதுபோல ஃபிலிமுக்கு அது கரை என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அது கதாநாயகனின் குரல் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

பேசும் படம் எப்படிப் பேசுகிறது என்று கேட்டால் இன்றும் கலவையான பதில்களே வருகின்றன. படத்தோடு ரெக்கார்டு ஓடும் என்பார்கள். டேப் போல ஃபிலிமில் காந்தப் பூச்சு இருக்கும் என்பார்கள். 1927-இல் வந்த 'தி ஜாஸ் சிங்கர்' படத்தோடு எல்லாம் ஒரே நாளில் தொடங்கிவிட்டது என்பார்கள். லீ டி ஃபாரஸ்ட் என்ற அமெரிக்கரின் பெயர் இந்தப் பேச்சில் வந்தால், வானொலியில் ஏதோ கண்டுபிடித்தவர், பிறகு சினிமாவிலும் கொஞ்சம் முயன்று பார்த்தவர் என்று இரண்டு தனி வேலைகளாகப் பிரித்துவிடுகிறார்கள். என் பார்வையில் அவை ஒரே வேலை. அவருடைய வானொலிப் பல்பு இல்லாமல் அவருடைய சினிமா இல்லை; வேறு எவருடைய பேசும் படமும் பெரிய அரங்கில் எடுபட்டிருக்காது. அதைப் புரிந்துகொள்ள அந்தக் கோட்டிலிருந்தே தொடங்கலாம்.

சைக்கிள் சக்கரத்தில் செருகிய அட்டை

சைக்கிளின் பின்சக்கரத்தில் அட்டைத் துண்டைச் செருகி ஓட்டினால் மோட்டார் சைக்கிள் போலச் சத்தம் வரும். மெதுவாக மிதித்தால் 'டக்... டக்... டக்...' என்று கம்பிகள் தட்டுவது தனித்தனியாகக் கேட்கும். வேகமாக மிதித்தால் தட்டல்கள் ஒன்றுசேர்ந்து 'டர்ர்ர்' என்ற ஒரே ஒலியாகிவிடும். இன்னும் வேகமாகப் போனால் அந்த ஒலியின் சுருதி ஏறும்.

ஒலி என்பது காற்றின் நடுக்கம். நொடிக்கு எத்தனை முறை நடுங்குகிறது என்பதற்கு அதிர்வெண் என்று பெயர். அதிர்வெண் கூடினால் சுருதி கூடும். நடுக்கம் பலமாக இருந்தால் சத்தம் பெரிதாகக் கேட்கும். ஒருவர் பேசுவதும் பாடுவதும் நாகஸ்வரம் ஒலிப்பதும் எல்லாமே இந்த நடுக்கத்தின் வேகமும் பலமும் கணத்துக்குக் கணம் மாறும் விதம்தான்.

ஆகவே ஒலியைச் சேமிக்க வேண்டுமென்றால் அந்த ஏற்ற இறக்கத்தை எதிலாவது பதித்து வைத்தால் போதும். கிராமஃபோன் தட்டில் அது பள்ளமாக இருந்தது. ஃபிலிமில் அது கறுப்பு வெள்ளையாக இருக்கிறது.

பஸ் ஜன்னலில் வரும் பனைமர நிழல்

ஃபிலிமில் இருப்பதை எப்படிப் படிக்கிறார்கள் என்பதை முதலில் பார்ப்போம். எழுதும் முறை அதன் பிறகு எளிதாகப் புரியும்.

சாயங்கால வெயில் அடிக்கும் பக்கம் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சாலையோரம் வரிசையாகப் பனைமரங்கள். இமைக்குள் சிவப்பும் இருட்டும் மாறி மாறி வரும். மரங்கள் நெருக்கமாக இருந்தால் மினுக்கம் வேகமாகும். தள்ளித் தள்ளி இருந்தால் மெதுவாகும். கண்ணைத் திறக்காமலே மரங்கள் எவ்வளவு இடைவெளியில் நிற்கின்றன என்று சொல்லிவிடலாம்.

புரொஜெக்டருக்குள் நடப்பது இதுவேதான். ஒரு சிறிய விளக்கு, அதற்கு முன்னால் மயிரிழை போன்ற ஒரு பிளவு. பிளவு வழியே வரும் வெளிச்சம் ஃபிலிமின் ஓரத்தை ஊடுருவி மறுபக்கம் போகிறது. ஃபிலிம் ஓட ஓட, அதிலுள்ள கறுப்பும் வெளுப்பும் பனைமரங்கள் போல வெளிச்சத்தை மறைத்தும் விட்டும் செல்கின்றன. மூடிய இமையின் இடத்தில் இருப்பது ஒளிமின்கலம். வெளிச்சம் படும் அளவுக்கு ஏற்ப மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் பொருள் அது. வெளிச்சத்தின் மினுக்கம் அங்கே மின்சாரத்தின் ஏற்ற இறக்கமாகிறது. அந்த மின்சாரத்தை ஒலிபெருக்கிக்குக் கொடுத்தால் அதன் சவ்வு அதே தாளத்தில் காற்றை நடுங்க வைக்கும்.

ஃபிலிம் ஓரத்தில் ஒலிக்காக ஒதுக்கிய இந்தப் பட்டைக்கு ஒலித்தடம் என்று பெயர். இரண்டரை மில்லிமீட்டர் அகலம் இருக்கும். இதன் நுணுக்கம் தெரிய ஒரு சின்னக் கணக்குப் போடலாம். பேசும் படத்தின் 35 மில்லிமீட்டர் ஃபிலிம் நொடிக்கு 24 படக் கட்டங்கள், அதாவது ஒன்றரை அடி, சுமார் 456 மில்லிமீட்டர் ஓடுகிறது. மேற்கத்திய இசைக்குழுவினர் வாத்தியங்களுக்குச் சுருதி சேர்க்கும் ஸ்வரத்தின் அதிர்வெண் 440. அந்த ஒரே ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தால் ஒலித்தடத்தில் சுமார் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு கோடு விழுந்திருக்கும். நொடிக்கு 5000 அதிர்வுள்ள 'ஸ்' போன்ற கூர்மையான சத்தத்துக்கு அதே ஒரு மில்லிமீட்டருக்குள் பத்துப் பதினொரு கோடுகள் விழ வேண்டும். பிளவு மயிரிழையாக இருக்க வேண்டியதன் காரணம் இதுதான். அகலமான பிளவு பல கோடுகளை ஒருசேரப் பார்த்துக் குழப்பிவிடும்.

இதுவரை வந்தது இவ்வளவே: ஃபிலிமில் ஒலி கோடுகளாக இருக்கிறது. கோடு வெளிச்சத்தை மினுங்க வைக்கிறது. ஒளிமின்கலம் அந்த மினுக்கத்தை மின்சாரமாக்குகிறது. காந்தமும் இல்லை, ஊசியும் இல்லை.

எழுதும் விளக்கு

இனி இதையே பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். ஒருவர் மைக்கின் முன் பேசுகிறார். மைக் குரலை மின்சார ஏற்ற இறக்கமாக்குகிறது. அந்த மின்சாரத்தை ஒரு விளக்குக்குக் கொடுத்தால் குரலுக்கு ஏற்ப விளக்கு கூடியும் குறைந்தும் எரியும். அந்த வெளிச்சம் ஒரு பிளவு வழியாக ஓடும் ஃபிலிமில் விழுகிறது. ஃபிலிமைக் கழுவினால் அதிக வெளிச்சம் பட்ட இடம் கறுப்பாகவும் குறைவாகப் பட்ட இடம் வெளுப்பாகவும் இருக்கும்.

சொல்ல எளிது, செய்யக் கடினம். வீட்டுக் குண்டு பல்பை அணைத்த பிறகும் அதன் இழை ஒரு கணம் சிவந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சூடான இழை ஆறுவதற்கு நேரம் எடுக்கும். நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை கூடிக் குறைய அதனால் முடியாது. இழை இல்லாமல், கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் வாயு ஒளிரும் விளக்குதான் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும். டி ஃபாரஸ்ட் அப்படி ஒரு குழாயைச் செய்து அதற்கு ஃபோட்டியான் என்று பெயர் வைத்தார். அது திருப்தியாக வேலை செய்யவில்லை. நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் என்ற ஊரில் சொந்த ஆய்வகம் வைத்திருந்த தியோடர் கேஸ் என்பவர், உதவியாளர் ஏர்ல் ஸ்பானபிளோடு சேர்ந்து அதைவிட நல்ல வாயு விளக்கைச் செய்து கொடுத்தார். படிக்கும் பக்கத்தில் இருந்த ஒளிமின்கலமும் கேஸ் உருவாக்கியதுதான். முதல் உலகப் போர்க் காலத்தில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் ரகசியச் செய்தி அனுப்புவதற்காக தாலியம் என்ற உலோகத்தின் சேர்மத்தைக் கொண்டு அவர் அதைச் செய்திருந்தார்.

டி ஃபாரஸ்டைப் பற்றி எழுதுபவர்கள் பலர் கேஸ் பெயரை விட்டுவிடுகிறார்கள். அது நியாயமில்லை. எழுதும் விளக்கும் படிக்கும் கலமும் இன்னொருவர் கொடுத்தவை என்றால், டி ஃபாரஸ்டின் பங்கு என்ன?

மதகு: அவருடைய பங்கு

ஒளிமின்கலத்திலிருந்து வரும் மின்சாரம் மிக மிகச் சிறியது. ஒரு டார்ச் பல்பைக்கூட அதனால் எரிய வைக்க முடியாது. மைக்கிலிருந்து வருவதும் அப்படியே. ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கை அதைக் கொண்டு எப்படி நிரப்புவது? டி ஃபாரஸ்டுக்கு முன்பே ஒலியை ஒளியாகப் பதிக்க முயன்றவர்கள் இருந்தார்கள். யூஜின் லாஸ்ட் என்பவர் 1906-லேயே இங்கிலாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். அவர்கள் எல்லோரும் தடுக்கி நின்ற இடம் இந்தச் சத்தப் பற்றாக்குறை.

ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். மதகுப் பலகையை ஒருவர் சாண் அளவு தூக்குகிறார். அங்கே செலவாவது ஓர் ஆளின் கைபலம். ஆனால் வாய்க்காலில் பாய்வது ஏரியின் பலம். தூக்குபவரின் பலம் தண்ணீரோடு கலப்பதில்லை. எப்போது, எவ்வளவு என்பது மட்டும் அவர் கையில் இருக்கிறது. அவர் பலகையை மெதுவாக ஏற்றி இறக்கினால் வாய்க்கால் வெள்ளமும் அதே தாளத்தில் ஏறி இறங்கும். கையின் சிறிய அசைவுக்கு வாய்க்காலில் பெரிய நகல் கிடைக்கிறது.

மின்சாரத்துக்கான இந்த மதகுதான் டி ஃபாரஸ்ட் 1906-இல் செய்த ஆடியான் என்ற பல்பு. அதன் கதை அவரிடம் தொடங்கவில்லை. காற்று நீக்கிய பல்புக்குள் சூடான இழையையும் அதன் எதிரே ஓர் உலோகத் தகட்டையும் வைத்தால் இழையிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பித் தகட்டை நோக்கிப் பாயும். இதைக் கொண்டு ஜான் ஃபிளெமிங் 1904-இல் இங்கிலாந்தில் ஒரு வால்வு செய்திருந்தார். அது ஒருவழிக் கதவு. திறக்கும் அல்லது மூடும், அவ்வளவுதான். டி ஃபாரஸ்ட் இழைக்கும் தகட்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வளைந்த கம்பியை வைத்தார். அதற்கு கிரிட் என்று பெயர். கிரிட்டில் எதிர்மின்னழுத்தம் சிறிது கூடினால் எலக்ட்ரான்கள் தடுக்கப்படும். குறைந்தால் தாராளமாகப் பாயும். கிரிட்தான் மதகுப் பலகை. பேட்டரி கொடுக்கும் மின்சாரம் ஏரித் தண்ணீர். மைக்கிலிருந்து வரும் மெல்லிய நடுக்கத்தை கிரிட்டுக்குக் கொடுத்தால் பேட்டரியின் பெரிய மின்னோட்டம் அதே நடுக்கத்தோடு ஓடும். இதற்குத்தான் மின்பெருக்கம் என்று பெயர். சிறியதை இழுத்து நீட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சிறியதைப் பார்த்துப் பெரியதொன்று வரையப்படுகிறது.

தான் செய்த பல்பு ஏன் வேலை செய்கிறது என்பதே டி ஃபாரஸ்டுக்குச் சரியாகத் தெரியவில்லை என்பது இந்தக் கதையில் என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்க வைக்கும் இடம். யேல் பல்கலைக்கழகத்தில் 1899-இல் டாக்டர் பட்டம் பெற்றவர் அவர். ஆனால் பல்புக்குள் கொஞ்சம் வாயு இருக்க வேண்டும், அதுதான் வேலையைச் செய்கிறது என்று வெகுகாலம் நம்பினார். வானொலி அலையை உணர மட்டும் முதலில் ஆடியானைப் பயன்படுத்தினார். அதனால் ஒலியைப் பெருக்க முடியும் என்பது கலிபோர்னியாவில் 1912-இல் செய்த சோதனைகளில்தான் தெளிவானது. எட்வின் ஆம்ஸ்ட்ராங் என்ற கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்தான் பல்புக்குள் நடப்பதை ஒழுங்காக அளந்து விளக்கினார். இருவருக்கும் இடையே வானொலிச் சுற்று ஒன்றின் உரிமைக்காக நடந்த வழக்கு 1934 வரை இழுத்து, உச்ச நீதிமன்றத்தில் டி ஃபாரஸ்டுக்குச் சாதகமாக முடிந்தது. பொறியாளர்கள் பலர் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. வாயு தேவையே இல்லை, வெற்றிடம் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நிறுவியவர்கள் தொலைபேசி நிறுவனத்தின் ஹரால்டு ஆர்னால்டும் ஜெனரல் எலக்ட்ரிக்கின் இர்விங் லாங்முயரும்.

1913-ஆம் ஆண்டை மட்டும் பாருங்கள். வானொலி நிறுவனப் பங்குகளை ஏமாற்றி விற்றதாக டி ஃபாரஸ்ட் மீது வழக்கு நடந்தது. அவருடைய பல்பு எதற்கும் உதவாது என்பது அரசுத் தரப்பின் வாதங்களில் ஒன்று. அவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். அதே ஆண்டு ஏ.டி. அண்டு டி. தொலைபேசி நிறுவனம் அதே பல்பின் உரிமையை விலைக்கு வாங்கியது. 1915 ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பேச முடிந்தது. வழிநெடுகத் தேய்ந்துபோன குரலை மீண்டும் மீண்டும் தூக்கிவிட்டவை அந்தப் பல்பின் வழிவந்தவை.

ஆக, மைக்குக்கும் விளக்குக்கும் நடுவில் ஒரு மதகு. ஒளிமின்கலத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் இன்னொரு மதகு. எழுதும்போதும் படிக்கும்போதும் ஆடியான் நிற்கும் இடங்கள் இவை. வானொலிக்காரர் சினிமாவுக்கு வந்தது வழிதவறி அல்ல.

தட்டா, ஃபிலிமா?

பல்பு வந்துவிட்டால் கிராமஃபோன் தட்டையே சத்தமாக ஒலிக்க வைக்கலாமே என்று கேட்கத் தோன்றும். வார்னர் சகோதரர்கள் செய்தது அதைத்தான். அவர்களுடைய வைட்டாஃபோன் முறையில் 16 அங்குலத் தட்டு ஒன்று, நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில், சுமார் 11 நிமிடம் ஓடும்; அது ஒரு ரீல் படத்துக்குச் சரியாக இருக்கும். 'தி ஜாஸ் சிங்கர்' அப்படித்தான் பேசியது. அதன் ஃபிலிமில் ஒலித்தடம் கிடையாது. ஆனால் அந்தத் தட்டின் ஒலியை அரங்கம் முழுக்கக் கேட்க வைத்தவை ஆடியான் வழிவந்த வால்வுகளே.

தட்டு முறையின் பெரிய தலைவலி ஒத்திசைவு. உதடு அசைவதும் குரல் வருவதும் ஒரே கணத்தில் நடப்பதற்குப் பெயர் அது. ஓடும்போது ஃபிலிம் அறுந்துபோகும். ஆபரேட்டர் கிழிந்த பகுதியை வெட்டி ஒட்டுவார். 12 கட்டங்கள் போனால் படம் அரை நொடி முன்னால் போய்விடும். தட்டிலோ ஒன்றும் குறைந்திருக்காது. அந்த ரீல் முடியும்வரை பேச்சும் வாயும் பொருந்தாது. ஒலியும் ஃபிலிமிலேயே இருந்தால் படத்தை வெட்டும்போது ஒலியும் சேர்ந்தே வெட்டுப்படும். ஒரு சொல் தாவும், பிறகு எல்லாம் சரியாகிவிடும். 1930-களின் தொடக்கத்திலேயே தட்டு முறை வழக்கொழிந்ததற்கு இது முக்கியமான காரணம்.

1923 ஏப்ரல் 15

நியூயார்க்கின் ரிவோலி திரையரங்கில் அன்று டி ஃபாரஸ்டின் 18 குறும்படங்கள் திரையிடப்பட்டன. தன் முறைக்கு ஃபோனோஃபிலிம் என்று பெயர் சூட்டியிருந்தார். 'உலகின் முதல் பேசும் படம்' என்று இதைச் சொல்ல நான் தயங்குவேன். ஜெர்மனியின் ஃபோக்ட், எங்கல், மஸோல் ஆகிய மூவரும் 1922 செப்டம்பரில் பெர்லினில் ஃபிலிமில் பதித்த ஒலியோடு படம் காட்டிவிட்டார்கள். அவர்கள் வேறு பாதையில் அதே இடத்துக்கு வந்தவர்கள்.

அதன் பிறகு டி ஃபாரஸ்ட் எடுத்தவற்றில் பாடகர்களும் நகைச்சுவை நடிகர்களும் பேச்சாளர்களும் இருந்தார்கள். கறுப்பினக் கலைஞர்களான நோபிள் சிஸ்ஸில், யூபி பிளேக் இணையின் பாட்டும் பியானோவும் 1923-லேயே பதிவானது. 1924-இல் வெள்ளை மாளிகை வளாகத்தில் குடியரசுத் தலைவர் கால்வின் கூலிட்ஜ் பேசியதைப் படமெடுத்தார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒருவரின் முகமும் குரலும் சேர்ந்து ஃபிலிமில் பதிவானது அதுவே முதல் முறை. மேக்ஸ் ஃபிளைஷர் தன் பாட்டுக் கார்ட்டூன்கள் சிலவற்றை ஃபோனோஃபிலிமில் வெளியிட்டார். முதல் பேசும் கார்ட்டூன் என்று பலர் நினைக்கும் 'ஸ்டீம்போட் வில்லி' மிக்கி மவுஸ் படம் வந்தது 1928-இல்தான்.

இருந்தும் ஃபோனோஃபிலிம் நிலைக்கவில்லை. பெரிய ஸ்டூடியோக்கள் ஊமைப்படத்தில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தன. புதுக் கருவிக்குச் செலவு செய்ய விரும்பவில்லை. ஸ்டூடியோக்கள் இல்லாமல் நட்சத்திரமும் முழுநீளக் கதையும் கிடைக்கவில்லை. ஒலியும் எப்போதும் தெளிவாக இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தன் உழைப்புக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்ற மனக்கசப்பில் 1925-இல் தியோடர் கேஸ் பிரிந்து போனார். விளக்கும் கலமும் அவரோடு போயின. 1926-இல் ஸ்டூடியோ அதிபர் வில்லியம் ஃபாக்ஸ் கேஸோடு சேர்ந்து நிறுவனம் தொடங்கினார். அதே ஆண்டு ஃபோனோஃபிலிம் நிறுவனம் திவாலானது.

ஃபாக்ஸும் கேஸும் தங்கள் முறைக்கு வைத்த பெயர் மூவிடோன். நம் ஊர்ப் பழைய சினிமா விளம்பரங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் பழக்கமானதுதான். இம்பீரியல் மூவிடோன், சாகர் மூவிடோன், ரஞ்சித் மூவிடோன், வாடியா மூவிடோன் என்று பம்பாய் நிறுவனங்கள் வரிசையாக அதைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டன. 1931 அக்டோபர் 31-இல் வெளியான, தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' படத்தைத் தயாரித்தது இம்பீரியல் நிறுவனம்தான். பேசும் படம் என்பதற்கே மற்றொரு பெயராகிவிட்ட அந்தச் சொல், ஆபர்ன் ஆய்வகத்திலிருந்து கிளம்பிய முறையின் பெயர்.

1960 ஏப்ரலில் ஆஸ்கர் மேடையில், திரைப்படத்துக்கு ஒலியைக் கொண்டுவந்த கண்டுபிடிப்புகளுக்காக டி ஃபாரஸ்டுக்குக் கௌரவ விருது அறிவிக்கப்பட்டது. ஊமைப்படங்களின் மாபெரும் கலைஞர் பஸ்டர் கீட்டனுக்கும் அன்றைக்கே கௌரவ விருது. 87 வயதில், அடுத்த ஆண்டு ஜூனில், டி ஃபாரஸ்ட் ஹாலிவுட்டில் காலமானார்.

கையில் ஒரு துண்டு கிடைத்தால்

பழைய ஃபிலிம் துண்டு எங்காவது கிடைத்தால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒலித்தடம் இரண்டில் ஒரு விதமாக இருக்கும். ஃபோனோஃபிலிமிலும் மூவிடோனிலும் இருந்தது முதல் விதம்: ஏணிப்படிகள் போலக் குறுக்குக் கோடுகள், சில கறுப்பு, சில சாம்பல், சில வெளுப்பு. மற்றது நான் சிறுவயதில் பார்த்த ரம்பப் பல்: நிறம் மாறாமல் வெள்ளையின் அகலம் மட்டும் கூடிக் குறையும். ஒளிமின்கலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். மொத்தம் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பதை மட்டுமே அது பார்க்கும்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். புரொஜெக்டரில் படம் கட்டம் கட்டமாக நின்று நின்றுதான் நகரும். அப்படி நின்றால்தான் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். ஒலியோ நிற்காமல் சீராக ஓட வேண்டும். ஒரே இடத்தில் இரண்டையும் செய்ய முடியாது. ஆகவே ஒலியைப் படிக்கும் இடம் படம் நிற்கும் இடத்தைத் தாண்டி, ஏறத்தாழ 20 கட்டம் தள்ளிக் கீழே இருக்கும். அதற்கேற்ப ஒலியையும் 20 கட்டம் முன்னதாக அச்சிடுவார்கள். எனவே அந்தத் துண்டில் கதாநாயகன் முகத்துக்கு நேர் பக்கத்தில் தெரியும் கோடுகள் அந்தக் கணத்துச் சொல் அல்ல. முக்கால் நொடிக்குச் சற்று அதிகமாகக் கழித்து அவர் பேசப்போகும் சொல்.